வைகாசியில் டெஷூட்ஸ் ஆறு: சால்மன்ஃப்ளை காலத்தில் 4 நாள் படகுப் பயணத்துக்குச் சேலத்திலிருந்து எப்படித் தயாராவது?

சூரமங்கலம் தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வைகாசியில் சேலத்திலிருந்து மூன்று பேர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் போகிறோம். டெஷூட்ஸ் ஆற்றில் வார்ம் ஸ்பிரிங்ஸில் படகை இறக்கி, மாபின் ஊருக்கு மேலே கரையேறுவதாக யோசனை. 3 இரவு, 4 பகல். சால்மன்ஃப்ளை என்ற பெரிய ஆற்றுப் பூச்சி வெளிவரும் நாட்களில் ரெட்பேண்ட் ட்ரௌட் மீனை, மேல்நீரில் மிதக்கும் ஈயில் (கொக்கியில் கட்டிய போலிப் பூச்சியில்) பிடித்து, அப்படியே விட்டுவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை.

மூவருக்கும் ஃப்ளை ராட் பழக்கம் உண்டு. ஆனால் அது நீலகிரியின் சின்ன ஓடைகளில் வந்த பழக்கம். இவ்வளவு பெரிய ஆறு புதிது. கையில் 9 அடி, 5 வெயிட் ராட்கள் இருக்கின்றன (வெயிட் எண் கூடினால் ராட் வலுவானது). என் கேள்விகள் இவை: எந்த வாரத்தைக் குறி வைப்பது? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் படகில் போவது? ஈக்களை இங்கேயே கட்டிக்கொண்டு போகலாமா, அதற்கான சாமான் சேலத்தில் கிடைக்குமா? சேலத்திலோ ஏற்காட்டிலோ எதைப் பழகினால் அங்கே கை கொடுக்கும்? சாப்பாடு, துணிமணி பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேஸ்கேட் நிழல்:

ஒரு விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் திட்டம் முழுவதும் அதைச் சுற்றித்தான் அமைய வேண்டும். டெஷூட்ஸின் கீழ்ப்பகுதியில் மிதக்கும் படகில் இருந்தபடி தூண்டில் போடக் கூடாது. படகைக் கரையில் கட்டிவிட்டு, இறங்கி நின்றுதான் வீச வேண்டும். ஆகவே படகு உங்களுக்கு வண்டி மட்டும்தான். மீன் பிடிப்பதெல்லாம் காலால் நடந்து.

தூரத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள். வார்ம் ஸ்பிரிங்ஸிலிருந்து, மாபினுக்கு மேலே கரையேறும் துறையான ஹார்பம் ஃப்ளாட் வரை சுமார் 40 மைல். நீரோட்டம் மணிக்கு 4 மைல் என்று வைத்தாலும் 10 மணி நேரத்தில் மொத்த ஆறும் தீர்ந்துவிடும். நான்கு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு இரண்டரை மணி நேரம்தான் படகு. புதிதாக வருகிறவர்கள் "இன்னும் கீழே நல்ல இடம் இருக்கும்" என்று மிதந்துகொண்டே இருப்பார்கள். முகாமுக்கு வந்து சேரும்போது பூச்சி அடங்கியிருக்கும். காலையிலேயே அடுத்த முகாமுக்குப் போய் இடம் பிடித்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் நடக்கத் தொடங்குங்கள். முகாம்கள் முந்தி வருபவருக்கே என்பதால் அதற்கும் இதுதான் வசதி. சனி ஞாயிறைத் தவிர்த்து, திங்கள் அல்லது செவ்வாயில் படகை இறக்குவது மேல்.

இனி பூச்சி. சால்மன்ஃப்ளை என்பது ப்டெரோநார்சிஸ் கலிஃபோர்னிகா என்ற பெரிய ஸ்டோன்ஃப்ளை. உடல் கிட்டத்தட்ட 5 செ.மீ., அடிவயிறு செம்மஞ்சள். ஆற்றுக் கற்களின் இடுக்கில் 3, 4 ஆண்டு நிம்ஃப் ஆக, அதாவது இறக்கையில்லாத இளம் பூச்சியாக, வாழ்ந்துவிட்டு, நீரின் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டி 12ஐ நெருங்கும்போது கரையை நோக்கி ஊர்ந்து வரும். புல்லிலும் பாறையிலும் ஏறித் தோலை உரித்து இறக்கை விரிக்கும். நம் ஊர் ஈசல் மாதிரி ஒரே மாலையில் கிளம்பி ஒரே இரவில் முடிந்துபோகிற விஷயம் இல்லை இது. பல நாட்கள் கரையோரப் புல்லிலும் ஆல்டர் மரக் கிளைகளிலும் அப்பிக் கிடக்கும். காற்று அடித்தால் நீரில் விழும். பெண் பூச்சிகள் முட்டையிட நீர்மேல் தத்தி இறங்கும். ட்ரௌட்டும் கரையோரமாகத்தான் காத்திருக்கும். உங்கள் ஈ கரையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழ வேண்டும். பத்தடி தள்ளி நடு ஆற்றில் விழுந்தால் அது வீண் வீச்சு.

எந்த வாரம் என்று கேட்டீர்கள். வழக்கமாக மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை. கீழ் ஆற்றில் நீர் முதலில் சூடாவதால் அங்கே தொடங்கி, நாளுக்கு நாள் மேல்நோக்கி நகரும். நீங்கள் மேலிருந்து கீழே மிதக்கிறீர்கள். அதனால் ஒரே பயணத்தில் எல்லாக் கட்டத்தையும் கடப்பீர்கள். முதல் நாள் கரையில் பூச்சியே இல்லாவிட்டால் கவலை வேண்டாம். அன்றைக்குக் கரையோரமாக நிம்ஃப் வடிவ ஈயை நீருக்கடியில் போடுங்கள், ஏனென்றால் நிம்ஃப்கள் அப்போது கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். கீழே போகப்போகப் பாறைகளில் உரித்த தோல் தென்படும். தோல் ஈரமாக, வளைந்துகொடுத்தால் புதியது. தொட்டதும் நொறுங்கினால் பழையது. பழைய தோல் நிறைய இருந்து பூச்சி குறைவாக இருந்தால் அந்த இடத்தில் மீன் ஏற்கெனவே வயிறு முட்டத் தின்றிருக்கும். பெரிய ஈயை எடுத்துவிட்டு மாலையில் கேடிஸ் என்ற சின்னப் பூச்சி வடிவ ஈயைப் போடுங்கள், கொக்கி 14 அல்லது 16 (எண் கூடக்கூடக் கொக்கி சிறியது). நான் தேதி சொல்வதாக இருந்தால் மே கடைசி வாரம்.

இடது கரை, அதாவது ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம், பெரும்பகுதி தூரத்துக்கு வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடி மக்களின் நிலம். அவர்களுடைய அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே மீன் பிடிக்க இறங்கக் கூடாது. சீட்டு இருந்தாலும் குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு மட்டுமே செல்லும். முகாம், நடை எல்லாம் வலது கரையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு ஓரிகன் மீன்பிடி உரிமமும், படகில் இருக்கும் எல்லோருக்கும் போட்டர் பாஸும் (படகுப் பயண அனுமதி) வேண்டும். போட்டர் பாஸுக்கு நாள்வாரி வரம்பு உண்டு, நேரத்தோடு இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

சேர்வராயன் நூல்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஈ கட்டும் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய மிதப்பு ஈக்களை இங்கேயே கட்டலாம், சாமான் கிடைக்கும். முக்கியமானது 2 மி.மீ. ஈவிஏ ஃபோம் ஷீட். சேலத்தில் பள்ளிக்கூடக் கைவேலைப் பொருள் விற்கும் கடைகளில் கறுப்பு, பழுப்பு, செம்மஞ்சள் மூன்றும் இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்தால் நல்ல ஃபோம், பள்ளமாகவே நின்றால் நூல் இறுக்கும்போது அறுந்துபோகும். இறக்கைக்கு வெள்ளை பாலிப்ரொப்பிலீன் இழை, மேக்ரமே நூல் விற்கும் இடத்தில் கேளுங்கள். பருத்தி இழையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், நீரைக் குடித்து ஈயை மூழ்கடிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். உடலுக்கு செம்மஞ்சள் அக்ரிலிக் கம்பளி நூலைப் பொடியாக நறுக்கிப் பிரித்து, மெழுகு தடவிய நூலில் முறுக்கினால் போதும். சின்ன வைஸ் (கொக்கியைப் பிடித்துக்கொள்ளும் கருவி), கூர்முனைக் கத்தரி, தட்டைக் குறடு ஆகியவற்றைச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் கருவி வாங்கும் கடைகளில் பாருங்கள். கொக்கியை நழுவவிடாத வைஸ் அங்கே கிடைக்கும்.

மயில் இழையை மட்டும் தொடாதீர்கள். இங்கே உதிர்ந்த இறகை வைத்திருப்பது வேறு. மயில் இறகும் அதில் செய்த பொருளும் நாட்டை விட்டு வெளியே போகத் தடை. மான் மயிரும் கூடாது, நம் காட்டு மான்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகின்றன. எல்க் மயிர் வேண்டிய கேடிஸ் ஈக்களை அங்கே கடையில் வாங்கிவிடுங்கள். நிம்ஃப்களையும் அப்படியே; பேட்ஸ் ரப்பர் லெக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், 6ஆம் எண், 8ஆம் எண்.

கட்டும் முறை, சப்பி செர்னோபில் என்ற ஃபோம் ஈ வகை. நீளத் தண்டுள்ள 6ஆம் எண் கொக்கி. முதலில் குறடால் எதிர்முள்ளை நசுக்குங்கள். கட்டி முடித்தபின் நசுக்கப் போய்க் கொக்கி உடைந்தால் அரை மணி நேர வேலை போச்சு. தண்டு முழுக்க நூலைச் சுற்றி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. ஃபோமைக் கொக்கியின் வாய் அகலத்துக்கு, சுமார் 5, 6 மி.மீ., பட்டையாக வெட்டுங்கள். கொக்கி வளையத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் செம்மஞ்சள் கம்பளி சுற்றி, அதன்மேல் பட்டையை வைத்துக் கட்டுங்கள்; வால்பக்கம் அரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். முதல் இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவதிலிருந்து இறுக்கம். எடுத்த எடுப்பில் இறுக்கினால் ஃபோம் வெட்டுப்படும். அதே இடத்தில் இரு பக்கமும் ரப்பர் கால், மேலே வெள்ளை இழையில் ஒரு கற்றை. பிறகு பட்டையைத் தூக்கிப் பிடித்து, அடியில் கம்பளி சுற்றிக்கொண்டே முன்னே வந்து, கொக்கிக் கண்ணுக்குப் பின்னால் கால்வாசித் தண்டு மிச்சமிருக்கும்போது பட்டையை மறுபடி அமர்த்திக் கட்டுங்கள். அங்கும் கால், இறக்கை. தலைப்பக்க ஃபோமை உருண்டையாக வெட்டி, முடிச்சிட்டு, அடிப்பக்கம் ஒரு சொட்டு க்ளூ.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. ஃபோம் தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில் உருண்டுவிடும். ஈ தலைகீழாக விழும். க்ளூ போடாமல் விட்டதாலோ, அடியில் கம்பளி சுற்றாமல் வழுக்கும் தண்டின்மேல் நேரே கட்டியதாலோ வருவது அது. இன்னொன்று, இறக்கையை அடர்த்தியாக வைப்பது. காற்றில் அது விசிறியாகி லீடரை (லைன் முனைக்கும் ஈக்கும் நடுவே உள்ள மெல்லிய இழையை) முறுக்கிவிடும். கற்றை தீக்குச்சித் தடிமனுக்கு மேல் போகக் கூடாது.

ஆளுக்கு எத்தனை? என் கணக்கில் சால்மன்ஃப்ளை 12, அதே வடிவத்தில் பழுப்பு மஞ்சளில் கோல்டன் ஸ்டோன் (இன்னொரு ஸ்டோன்ஃப்ளை) 8ஆம் எண்ணில் 8, கேடிஸ் 12, ரப்பர் கால் நிம்ஃப் 8. மரக்கிளைக்குக் காணிக்கையாகப் போகிறவையே பாதி இருக்கும். உயரமாக மிதக்கும் ஃபோம் ஈயை மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், நீரோடு ஒட்டிக் கிடக்கும் வடிவம் வேண்டும்; நார்ம் வுட் ஸ்பெஷல், க்ளார்க்ஸ் ஸ்டோன்ஃப்ளை இரண்டையும் அங்கே ஆளுக்கு நான்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வீச்சு. வைகாசிப் பயணத்துக்கு முந்திய ஆடியிலேயே பழகத் தொடங்குங்கள். ஆடிக்காற்றில் கனமான ஈயை 30 அடிக்கு நேராகப் போடத் தெரிந்தவருக்கு டெஷூட்ஸ் பள்ளத்தாக்கின் பிற்பகல் காற்று பழகியதாக இருக்கும். ஏற்காடு ஏரிக்கரையில் வீச வேண்டாம், கூட்டமும் படகும் அதிகம். புல்தரை போதும். இரண்டு குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 2 அடியில், ஒரு கயிறு கட்டுங்கள். அதுதான் உங்கள் ஆல்டர் கிளை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு. கொக்கியை வெட்டியெறிந்த ஈயைக் கட்டி, ராடைப் படுக்கையாகப் பிடித்து, லைன் கயிற்றுக்கு அடியில் புகுந்து தட்டில் விழும்வரை வீசுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் வலது கரையோரம் நீரோட்டத்தை எதிர்த்து நடப்பீர்கள் என்பது. அப்படி நடக்கும்போது கரை உங்கள் இடப்பக்கம். வலக்கைக்காரர் படுக்கை வீச்சில் கடைசி நேரத்தில் கொஞ்சம் வேகம் கூட்டிச் சட்டென்று நிறுத்தினால் லீடர் இடப்பக்கமாக வளைந்து விழும், கிளைக்கு அடியில் போய் உட்காரும். இந்த ஒரு வீச்சை மட்டும் பழகிக்கொண்டு வந்தாலும் போதும். உங்களில் இடக்கைக்காரர் இருந்தால் அவர் புறங்கை வீச்சைப் பழக வேண்டும்.

சூரமங்கலம் தூண்டில்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் மூன்று கேள்வி. மொன்டானாவின் ஸ்மித் ஆறும் எங்கள் பட்டியலில் இருந்தது, அங்கே படகிலிருந்தே வீசலாம் என்கிறார்கள். அதை விட்டது சரிதானா? ராஃப்டை (காற்றடைத்த படகை) நாங்களே வாடகைக்கு எடுத்துத் துடுப்புப் போடலாமா? பெரிய ஈக்குக் கீழே ஒரு சின்ன நிம்ஃப் தொங்கவிடுவது நல்லதா? எங்கள் 5 வெயிட் ராட் தாங்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூலாம்பட்டித் துறை:

ஸ்மித் ஆற்றை விட்டது சரிதான். அங்கே கேம்ப் பேக்கரில் இறங்கினால் ஈடன் பிரிட்ஜில்தான் ஏற முடியும், 59 மைல், நடுவே பொதுவழி கிடையாது. அனுமதி குலுக்கலில் வருவது, முந்திய குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். சேலத்திலிருந்து விமானச் சீட்டு எடுக்கிறவருக்குக் குலுக்கலை நம்பித் திட்டம் போடுவது கடினம். அதற்கும் மேல், சால்மன்ஃப்ளை வரும் அதே வாரங்களில் பனி உருகி ஸ்மித் கலங்கி ஓடலாம். டெஷூட்ஸ் அப்படி இல்லை. ஊற்று நீர் நிறைந்த ஆறு, மேலே அணைகளும் உண்டு. அதனால் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்காது. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு இந்த நிலைத்தன்மைதான் பெரிய லாபம்.

துடுப்பு விஷயத்தில் என் பதில் கண்டிப்பானது: நீங்களே போடாதீர்கள். வழியில் வரும் ட்ரௌட் க்ரீக்குக் கீழே சுமார் 12 மைலில் வைட்ஹார்ஸ் ரேபிட் இருக்கிறது; ரேபிட் என்றால் பாறைகளிடையே நீர் சீறிப் பாயும் இடம். நீளமானது, நுழையும் இடத்திலேயே பாறைகள். அங்கே ஒரு பாறையில் பக்கவாட்டாக மோதினால் படகு பாறையைச் சுற்றி அப்பிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் நீர் அதை விடாது. ஏரியில் பழகிய கை அதற்குப் போதாது. அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறையிடம் அனுமதி பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள். மூன்று பேருக்கு இரண்டு ராஃப்ட் கேளுங்கள், ஒன்று ஆட்களுக்கு, ஒன்று சாமானுக்கு. ஒரே படகில் எல்லாவற்றையும் ஏற்றினால் பாரத்தில் மெதுவாகத் திரும்பும், ரேபிடில் அதுவே ஆபத்து.

ஆனாலும் துடுப்பின் அடிப்படை தெரிந்திருப்பது நல்லது. வழிகாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாராவது கரைக்கு ஒதுக்கத் தெரிய வேண்டும் அல்லவா? முறை ஒன்றுதான். எந்தப் பாறைக்குப் பயப்படுகிறீர்களோ அதை நோக்கிப் படகின் மூக்கைச் சுமார் 45 டிகிரி சாய்த்துத் திருப்பி, பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் பாறையை நோக்கி வேகம்தான் கூடும். ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். அதில் ஒரு மரத்தைக் குறி வைத்து, மூக்கை அதன்பக்கம் சாய்த்து, முதுகை வளைக்காமல் கால் உதைப்பில் பின்னோக்கி இழுத்துப் பழகுங்கள். கையால் மட்டும் இழுப்பவர் கால் மணி நேரத்தில் களைத்துவிடுவார்.

வைட்ஹார்ஸுக்கு மேலே வலது கரையில் ஒதுங்கி, இறங்கிப் போய் ரேபிடைப் பார்த்துவிட்டுத்தான் வழிகாட்டி இறக்குவார். அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை: ராட்களைப் பிரித்துக் குழாயில் போட்டுக் கட்டுங்கள், தொங்கும் கயிறு எதுவும் இல்லாமல் பாருங்கள், உயிர்க்கவசப் பட்டைகளை இறுக்குங்கள். வேடர்ஸ் (ஆற்றில் நிற்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) போட்டிருந்தால் இடுப்புப் பட்டி கட்டாயம். படகு பாறையில் பக்கவாட்டாக ஏறினால் எல்லோரும் பாறைப்பக்கம் தாவ வேண்டும். பயத்தில் விலகி எதிர்ப்பக்கம் சாய்வதுதான் மனித இயல்பு, அப்படிச் சாய்ந்தால் நீர் ஏறிக் கவிழ்த்துவிடும். நீரில் விழுந்தால் மல்லாந்து, கால் முன்னே நீரோட்டத் திசையில். எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டினால் நீர் உங்களை மடக்கிப்போடும்.

ஹார்பம் ஃப்ளாட்டிலேயே ஏறிவிடுங்கள். அதற்குக் கீழே வாபினீஷியா, பாக்ஸ்கார் என்று அடுத்தடுத்து ரேபிட்கள். மாபினையும் தாண்டிப் போனால் ஷெரார்ஸ் அருவி. அதில் படகோடு போனவர் பிழைப்பது அரிது.

ராஃப்டில் இன்னொரு நுணுக்கம். வெயிலில் காற்றடித்த குழாய் குளிர்ந்த நீரில் இறங்கியதும் தொளதொளக்கும், இறக்கியபின் மறுபடி அடிக்க வேண்டும். பிற்பகலில் கரையேற்றி வெயிலில் விட்டால் அதே குழாய் புடைக்கும், கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். மறந்தால் தையல் பிரியும்.

கேஸ்கேட் நிழல்:

ராட் கேள்விக்கு: 5 வெயிட் தாங்கும், ஆனால் காற்றும் பெரிய ஈயும் சேர்ந்தால் 6 வெயிட் சுகம். ஒருவராவது 6 கொண்டுவாருங்கள். லீடர் 7.5 அடி, முனையில் 3எக்ஸ் (எக்ஸ் எண் கூடினால் இழை மெல்லியது). நீலகிரிப் பழக்கத்தில் 5எக்ஸ் கட்ட வேண்டாம். கனமான ஈயை அது திருப்பிப் போடாது, முறுக்கிக்கொள்ளும். மீன் நடு நீரோட்டத்துக்குப் பாய்ந்தால் மெல்லிய இழையில் நெடுநேரம் இழுக்க வேண்டிவரும், அந்தக் களைப்பே விட்டபின் மீனைக் கொல்லும். கேடிஸ் போடும்போது 4எக்ஸ்.

கீழே நிம்ஃப் தொங்கவிடுவது பற்றி: திறந்த கரையில், பாறை விளிம்பில், முதல் நாளில் நல்லது. பெரிய ஈயின் கொக்கி வளைவில் 18 முதல் 24 அங்குலம் இழை கட்டி, 14 அல்லது 16ஆம் எண் ஃபெசன்ட் டெயில் என்ற நிம்ஃப். மரத்தடியில் வேண்டாம். தொங்குகிற கொக்கி கிளையில் மாட்டும், மாட்டியதை எடுக்கப் போய் அந்த இடத்து மீன்களையெல்லாம் கலைத்துவிடுவீர்கள். இந்தப் பயணத்தின் சாரமே மரத்தடிதான் என்பதால் பெரும்பாலும் ஒற்றை ஈ.

மீன் ஈயை எடுத்தவுடன் ராடை வெட்டி இழுக்காதீர்கள். சின்ன ஓடை மீனுக்கு உடனே வெட்டிப் பழகிய கை இதில் தவறும். பெரிய ஈயை மேலேறி விழுங்கி, வாயை மூடி, தலை கீழே திரும்பும்வரை ஒரு நொடி பொறுத்து, பிறகு தூக்குங்கள்.

ஒரே இடத்தில் பத்து வீச்சு வேண்டாம். நல்ல மரத்தடியில் இரண்டு, மூன்று வீச்சுக்குள் மீன் வந்துவிடும், வராவிட்டால் நகருங்கள். ஈ விழும்போது மெல்லிய "சொத்" சத்தம் வந்தால் நல்லதே, நிஜப் பூச்சியும் அப்படித்தான் விழும். லைன் இழுத்து ஈ கோடு போட்டுக்கொண்டு போனால்தான் மீன் பின்வாங்கும். எப்போதாவது ஒரு சின்ன நடுக்கம் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். காலைக் குளிரிலும் மழையிலும் பூச்சி புல்லைப் பிடித்தபடி அசையாது. அப்போது கேடிஸ், நிம்ஃப். வெயில் ஏறிப் புல் சூடானபின் பெரிய ஈ. பிற்பகல் காற்று எழும்போது பலர் ராடைச் சுருட்டிவிடுவார்கள். பூச்சியைப் புல்லிலிருந்து உதறித் தள்ளுவதே அந்தக் காற்றுதான், அப்போது கரையை விட்டு நகரக் கூடாது.

ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கத் தேவையில்லை. மீன் கரையோரம் இருக்க, நீங்கள் தொடையளவு நீரில் நின்றால் மீன் இருக்கும் இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். பாசி படிந்த உருண்டைக் கற்கள் வழுக்கும், ஆணி பதித்த அடிப்பாகமும் ஊன்றுகோலும் வேண்டும். அந்தக் கோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரைப்புல்லில் கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்நேக்) இருக்கும். கால் வைக்குமுன் கோலால் புல்லைத் தட்டுங்கள், பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள். மும்மூன்று இலையாக நிற்கும் நச்சுக்கொடி தோலில் பட்டால் கொப்புளிக்கும். இரவில் உடம்பில் உண்ணி பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாப்பேட்டை அடுப்பு:

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இங்கிருந்து அரிசியும் கொண்டைக்கடலையும் எடுத்துப்போகாதீர்கள். கப்ரா வண்டு வந்துவிடும் என்று விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பழம், கருவாடு, இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். அரிசி, பருப்பு போர்ட்லேண்டில் இந்தியக் கடைகளில் கிடைக்கும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போகலாம். உணவுப்பொருள் வைத்திருப்பதைச் சுங்க அதிகாரியிடம் தவறாமல் சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் ஜவ்வரிசி இதற்குப் பொருத்தமானது. மாவு ஜவ்வரிசி ஒரு டம்ளர், மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், இறுக்கமாக மூடும் டப்பாவில் மதியம் ஊறவைத்துவிட்டு மீன் பிடிக்கப் போகலாம். மாலையில் வரும்போது நீர் முழுவதையும் இழுத்து உதிரியாக இருக்கும். வறுத்த வேர்க்கடலைப் பொடி, மிளகாய், உப்பு போட்டுக் கிளறினால் பத்து நிமிடத்தில் உப்புமா. தண்ணீர் கூடினால் பசையாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் இரண்டு பேருக்கு.

ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை அந்தப் பள்ளத்தாக்கில் விறகும் கரியும் மூட்டக் கூடாது, புரோப்பேன் அடுப்பு மட்டும். மே கடைசியில் போனாலும் அடுப்பை நம்பியே திட்டமிடுங்கள். ஐஸ் பெட்டி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி திறக்கும் குடிநீர்ப் பெட்டி தனி, சமையல் பெட்டி தனி. சமையல் பெட்டியில் கட்டி ஐஸ் போட்டால் நான்காம் நாள்வரை நிற்கும். உடைத்த ஐஸ் இரண்டாம் நாளே தண்ணீர். பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, சோற்றுப் பருக்கையைக் குப்பைப் பையில் போடுங்கள். ஆற்றில் கொட்ட வேண்டாம்.

துணி விஷயத்தில் சேலத்துக்காரர்கள் ஏமாறுவது இரவில்தான். பகலில் 30 டிகிரி வந்தாலும் இரவு 5 டிகிரிக்கு இறங்கலாம். ஏற்காட்டு மார்கழிக்கு வைத்திருக்கும் ஒரு ஸ்வெட்டர் போதாது. உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் தாங்கும் சட்டை. பருத்தி பனியன், ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தூங்கும் பை 0 டிகிரிக்குத் தாங்குவதாக இருக்கட்டும். ஒரு முழு மாற்று உடையைத் தனியாக ட்ரை பையில் (நீர் புகாத பையில்) கட்டி, சாமான் படகில் வையுங்கள். உங்கள் படகு கவிழ்ந்தாலும் அது நனையாது.

சேர்வராயன் நூல்:

விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். ஈப்பெட்டியும் கொக்கிகளும் கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடும். ராட் குழாயோடு சேர்த்து ஏற்றும் பெட்டியில் போடுங்கள். நீலகிரியில் பயன்படுத்திய வேடர்ஸ், காலணி, வலை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, முழுக்க உலரவைத்து எடுத்துப்போங்கள். ஈரத்தோடு போனால் ஒரு மலையின் பாசியும் நுண்ணுயிரும் இன்னொரு ஆற்றுக்குப் போய்ச் சேரும். திரும்பி வரும்போதும் அதே முறை. முடிச்சு போட்ட பழைய நைலான் வலை இருந்தால் வீட்டில் விட்டுவிடுங்கள், அது மீனின் செதிலையும் வழவழப்பையும் உரித்துவிடும். ரப்பர் வலை வேண்டும்.

பூலாம்பட்டித் துறை:

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார்ம் ஸ்பிரிங்ஸில் விடும் காரை ஹார்பம் ஃப்ளாட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்த ஷட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். வழிகாட்டியே ஏற்பாடு செய்வார். நீங்கள் வாடகைக் கார் எடுத்தால், வேறொருவர் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பல ஒப்பந்தங்களில் கூடாது. அப்படியானால் காரை மாபினிலேயே விட்டுவிட்டு, வழிகாட்டியின் வண்டியில் மேலே போங்கள். கடவுச்சீட்டு, சாவி, கைப்பேசி மூன்றும் சின்ன ட்ரை பையில், படகுச் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டியிருக்க வேண்டும். வேடர்ஸ் பையில் வைத்த சாவி ஆற்றோடு போய்விடும்.